மின்கிதார் ரீங்காரம்: மூலத்தைத் தேடிய வரலாறு

மின்கிதாரை ஆம்ப்ளிஃபயரில் இணைத்து ஒலி அளவைக் கூட்டினால், ஒரு தந்தியைக்கூட மீட்டாத நிலையிலேயே ஒலிபெருக்கியிலிருந்து தாழ்ந்த, இடைவிடாத ஓர் ஒலி எழுவதுண்டு. இதைக் கிதார்க் கலைஞர்கள் 'ஹம்' என்பர். தமிழில் ரீங்காரம் எனலாம். கேட்பவருக்கு இது ஒரே ஒலியாகத் தோன்றும். ஆனால் இது பல வழிகளில் உருவாகிறது. கிதாரின் சுருள், அதை இணைக்கும் கம்பி, ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கி, கட்டடத்தின் மின்னிணைப்பு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே இதை உண்டாக்கக்கூடும். 1920-களிலிருந்து பொறியாளர்கள் இந்த மூலங்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீர்வைக் கண்டனர். மூலத்தைத் தேடாமல் ஒலியை மட்டும் அடக்க முயன்ற இடங்களில் உயிரிழப்புகளும் நேர்ந்தன.

ரீங்காரத்தின் சுருதி

வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்குக் குறிப்பிட்ட தடவை திசை மாறி மாறிப் பாய்கிறது. இந்த அதிர்வெண் இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் 60 ஹெர்ட்ஸ். இந்த அதிர்வுதான் ரீங்காரமாகக் கேட்கிறது. எனவே அதற்கு ஒரு சுருதியும் உண்டு. மேற்கத்திய இசையின் சுரங்களில் 50 ஹெர்ட்ஸ் ஏறத்தாழ 'ஜி' சுரத்தில் அமைகிறது. 60 ஹெர்ட்ஸ் 'பி ஃபிளாட்', 'பி' ஆகிய இரண்டுக்கும் இடையில் விழுகிறது. கிதாரின் மிகத் தடித்த தந்தியின் அதிர்வெண்ணே சுமார் 82 ஹெர்ட்ஸ் என்பதால், அடிப்படை ரீங்காரம் கிதாரின் எல்லாச் சுரங்களுக்கும் கீழே ஒலிக்கிறது.

இதன் இரு மடங்கான 100 ஹெர்ட்ஸ் அல்லது 120 ஹெர்ட்ஸ் ஒலியும் உண்டு. ஆம்ப்ளிஃபயருக்குள் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக மாற்றும் முழு அலைதிருத்தி, அலையின் இரு பாதிகளையும் ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிறது. அதனால் நொடிக்கு 50 தடவைக்குப் பதிலாக 100 மேடுகள் உருவாகின்றன. மின்தேக்கிகள் இந்த மேடுபள்ளங்களை நிரவ வேண்டும். அவை முழுமையாக நிரவாவிட்டால் மிஞ்சும் அலைவு 100 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்கும். ஆகவே ரீங்காரத்தின் சுருதியே அதன் பிறப்பிடத்தைப் பற்றிய முதல் தடயமாகும்.

வானொலிப் பெட்டியில் தொடங்கிய சிக்கல்

இந்தச் சிக்கல் கிதாருக்கு முன்பே வானொலியில் தோன்றியது. 1920-களின் தொடக்கத்தில் வீட்டு வானொலிகள் மின்கலங்களால் இயங்கின. வால்வுகளின் மின்னிழையைச் சூடாக்க ஒரு மின்கலமும், வால்வு வேலை செய்வதற்குத் தேவையான உயர் மின்னழுத்தத்துக்கு வேறு மின்கலங்களும் தேவைப்பட்டன. மின்கலம் நேர்திசை மின்னோட்டம் தருவதால் ரீங்காரத்துக்கு இடமில்லை. ஆனால் அவற்றை அடிக்கடி மாற்றவோ மின்னேற்றவோ வேண்டியிருந்தது.

சுவரிலுள்ள மின்சாரத்தையே நேரடியாகப் பயன்படுத்த முயன்றபோது முதல் தடையாக நின்றது ரீங்காரமே. அக்கால வால்வுகளில் சூடாகும் மின்னிழையே எலக்ட்ரான்களையும் வெளியிட்டது. அதில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தினால் அதன் ஏற்ற இறக்கம் அப்படியே ஒலியில் கலந்துவிடும். சூடாக்கும் இழையையும் எலக்ட்ரான்களை வெளியிடும் பகுதியையும் தனித்தனியாகப் பிரிப்பதே இதற்குத் தீர்வாயிற்று. கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த எட்வர்ட் ரோஜர்ஸ் 1925-இல் மின்கலம் தேவைப்படாத வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1927-இல் மறைமுகமாகச் சூடாகும் யுஒய்-227 வால்வை வெளியிட்டது.

அக்கால ஒலிபெருக்கிகளில் நிலைக்காந்தத்துக்குப் பதிலாக மின்காந்தம் பயன்பட்டது. அந்த மின்காந்தத்தின் சுருள் பெரும்பாலும் மின்வழங்கியின் ஒரு பகுதியாகவும் வேலை செய்ததால், நிரவப்படாத அலைவு ஒலிபெருக்கியின் காந்தப்புலத்திலும் கலந்தது. இதைச் சரிசெய்ய, ஒலிபெருக்கிக்குள் சில சுற்றுகளே கொண்ட மற்றொரு சிறு சுருளை எதிர்த்திசையில் இணைத்தனர். இரண்டு ரீங்காரங்களும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. ரீங்காரத்தை ரீங்காரத்தாலேயே அழிக்கலாம் என்ற இந்த எண்ணம், பின்னர் கிதார் வரலாற்றில் பெரும்பங்கு பெற்றது.

தந்திக்கு அடியில் ஒரு சுருள்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் போஷாம் என்ற கிதார்க் கலைஞர், அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து மின்கிதாரை உருவாக்கினார். மடியில் வைத்து வாசிக்கும் அந்தக் கருவியின் மாதிரி 1931-இல் உருவாகி, 1932-இல் விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்ததால் அதற்கு 'வறுவல் சட்டி' என்ற பட்டப்பெயர் ஏற்பட்டது. அதன் காப்புரிமை 1937-இல் வழங்கப்பட்டது.

அதன் பிக்கப் இயங்கும் விதம், மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை அடிப்படையாகக் கொண்டது. காந்தத்துக்கு அருகில் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அந்த மாற்றம், அருகில் பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருளில் சிறு மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

சிக்கலும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மாறும் காந்தப்புலம் தந்தியிலிருந்து வருகிறதா, அருகிலுள்ள மின்மாற்றியிலிருந்து வருகிறதா என்று சுருளுக்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபயரின் மின்மாற்றி, மின்விசிறி, சுவருக்குள் ஓடும் மின்கம்பி என அறையிலுள்ள எல்லாவற்றின் காந்தப்புலமும் அதில் பதிவாகும். தந்தியின் மெல்லிய அதிர்வைப் பிடிக்கும் அளவுக்குச் சுற்றுகளைக் கூட்டினால், ரீங்காரத்தைப் பிடிக்கும் திறனும் கூடும்.

ஆயினும் மின்கிதாரின் பரவல் இதனால் நிற்கவில்லை. கிப்சன் நிறுவனம் 1936-இல் இஎஸ்-150 கிதாரை வெளியிட்டது. அதை வாசித்த சார்லி கிறிஸ்டியன் 1939-இல் பென்னி குட்மனின் இசைக்குழுவில் சேர்ந்து, குழல் கருவிகளுக்கு ஈடாகக் கிதார் தனித்து ஒலிக்க முடியும் என்று காட்டினார். 1946-இல் வந்த கிப்சனின் பி-90 பிக்கப், லியோ ஃபெண்டர் உருவாக்கி 1951 முதல் டெலிகாஸ்டர் என்று அழைக்கப்பட்ட கிதார், 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் ஆகிய அனைத்தும் ஒற்றைச் சுருள் பிக்கப்பையே கொண்டிருந்தன. அரங்குகள் பெரிதாகி ஆம்ப்ளிஃபயர்களின் ஆற்றல் கூடக்கூட, ரீங்காரமும் கூடவே பெரிதாயிற்று.

எதிரெதிரான இரண்டு சுருள்கள்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் இயங்கிய எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனம் 1934-இல் ஒலிவாங்கிகளில் ரீங்காரத்தை நீக்கும் எதிர்ச்சுருளை உருவாக்கியிருந்தது. தந்தி இசைக்கருவிகளுக்கான இரட்டைச் சுருள் அமைப்பு ஒன்றுக்கு, பால்ட்வின் பியானோ நிறுவனத்துக்காக ஆர்மண்ட் நோப்லா 1935-இல் விண்ணப்பித்து 1938-இல் காப்புரிமை பெற்றார். அதாவது தத்துவம் முன்பே இருந்தது. கிதாரில் பெருமளவில் நிலைபெற அது மேலும் இருபது ஆண்டுகள் காத்திருந்தது.

அதைச் செய்தவர் சேத் லவர். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1910-இல் பிறந்த இவர் வானொலித் தொழில்நுட்பத்தில் தேர்ந்தவர். அமெரிக்கக் கடற்படையிலும் பணியாற்றியவர். அதே நகரில் இருந்த கிப்சன் நிறுவனத்தில் ஆம்ப்ளிஃபயர்களை வடிவமைத்தபோது, ரீங்காரத்தை நீக்க எதிரெதிராகச் சுற்றப்பட்ட சுருள்களை அவற்றில் பயன்படுத்தியிருந்தார். ஆம்ப்ளிஃபயருக்குள் பலிக்கும் முறை பிக்கப்பிலும் ஏன் பலிக்கக் கூடாது என்பதே அவருடைய கேள்வி. 1955 ஜூனில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அவருடைய பிக்கப்பில் இரண்டு சுருள்கள் அருகருகே உள்ளன. ஒன்றில் காந்தத்தின் வட முனையும் மற்றதில் தென் முனையும் தந்தியை நோக்குகின்றன. சுருள்களும் மின்னோட்டம் எதிரெதிராகப் பாயும்படி இணைக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து வரும் ரீங்காரம் இரு சுருள்களையும் ஒரே மாதிரி தாக்குகிறது. சுருள்கள் எதிரெதிராக இருப்பதால், ஒன்றில் கூடும்போது மற்றதில் குறைந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தந்தியின் அதிர்வோ காந்த முனையால் ஒருமுறையும் சுருளின் இணைப்பால் மறுமுறையும் தலைகீழாகிறது. இருமுறை தலைகீழானது மீண்டும் நேராகிவிடுவதால் தந்தியின் ஒலி இரு சுருள்களிலும் சேர்ந்து வலுவடைகிறது. ரீங்காரத்தை எதிர்த்து நீக்குவது என்ற பொருளில் இதற்கு 'ஹம்பக்கர்' என்ற பெயர் நிலைத்தது.

இந்தப் பிக்கப்பைக் கிப்சன் முதலில் மடிக்கிதார்களிலும் 1957-இல் வழக்கமான மின்கிதார்களிலும் பொருத்தியது. காப்புரிமை கிடைக்காத காலத்தில், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற ஆங்கில வாசகம் கொண்ட சிறு சீட்டு பிக்கப்பின் அடியில் ஒட்டப்பட்டது. அந்த வாசகத்தின் முதலெழுத்துகளால் இன்றும் அவை 'பி.ஏ.எஃப்.' என அழைக்கப்பட்டு, பழம்பொருள் சந்தையில் மிக அதிக விலைக்குப் போகின்றன. காப்புரிமை 1959 ஜூலை 28 அன்று கிடைத்தது. அதன் பின்னர் ஒட்டப்பட்ட சீட்டுகளில் லவரின் காப்புரிமை எண் இடம்பெறவில்லை. கிதாரின் தந்திப் பிடிப்பான் ஒன்றுக்காக லெஸ் பால் பெற்றிருந்த காப்புரிமையின் எண்ணே அச்சிடப்பட்டிருந்தது.

இதே காலத்தில் இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ நகரைச் சேர்ந்த ரே பட்ஸ் என்பவரும் இதே தீர்வை அடைந்திருந்தார். கிதார்க் கலைஞர் செட் அட்கின்ஸ் தம் கிதாரின் ரீங்காரத்தில் அதிருப்தி கொண்டிருந்தார். அவருக்காக பட்ஸ் உருவாக்கிய இரட்டைச் சுருள் பிக்கப், கிரெட்ஷ் நிறுவனத்தின் கிதார்களில் 'ஃபில்டர்ட்ரான்' என்ற பெயரில் இடம்பெற்றது. அவர் 1957-இல் விண்ணப்பித்தாலும், லவரைவிடச் சில வாரங்கள் முன்னதாக 1959 ஜூன் 30 அன்று காப்புரிமை பெற்றார். ஃபெண்டர் நிறுவனமும் 1957-இல் தன் பிரசிஷன் பேஸ் கிதாரில் சுருளை இரண்டாகப் பிரித்து எதிரெதிராக இணைத்தது.

ஆனால் ஹம்பக்கர் ஒற்றைச் சுருளை ஒழித்துவிடவில்லை. இரண்டு சுருள்கள் தந்தியின் இரு இடங்களிலிருந்து ஒலியைப் பிடிப்பதால் உச்ச அதிர்வெண்களில் சில பகுதிகள் மங்குகின்றன. ஒற்றைச் சுருளின் கூர்மையான, தெளிந்த ஒலியை விரும்பியவர்கள் ரீங்காரத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டனர். லவரே 1967-இல் ஃபெண்டர் நிறுவனத்துக்குச் சென்று, அங்கு 'வைட் ரேஞ்ச்' என்ற புதிய ஹம்பக்கரை வடிவமைத்தார்.

சுருளால் தீராதவை

ஹம்பக்கர் நீக்குவது காந்தப்புலத்தால் வரும் ரீங்காரத்தை மட்டுமே. மின்புலம் வேறு வழியாக நுழைகிறது. சுற்றியுள்ள மின்கம்பிகள் கிதாரின் உட்கம்பிகளிலும் வாசிப்பவரின் உடலிலும் மெல்லிய அதிர்வை ஏற்றுகின்றன. இதைத் தடுக்கக் கிதாரின் உட்குழிகளில் செப்புத் தகடோ மின்கடத்தும் வண்ணப்பூச்சோ பூசப்படுகிறது. இணைப்புக் கம்பியின் மையக் கம்பியைச் சுற்றிப் பின்னிய உலோக உறையும் இதற்காகவே.

மற்றொரு தடுப்பு, தந்திகள் தாங்கும் பாலத்திலிருந்து கிதாரின் எர்த் புள்ளிக்கு ஓடும் ஒரு சிறு கம்பி. வாசிப்பவர் தந்தியைத் தொட்டவுடன் அவருடைய உடலும் அந்த எர்த்துடன் இணைந்து, பிக்கப்பை மறைக்கும் திரைபோல ஆகிவிடுகிறது. பல கிதார்களில் தந்தியைத் தொட்டதும் ரீங்காரம் குறைவதற்குக் காரணம் இதுதான்.

ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் மூலங்கள் உண்டு. வால்வுகளைச் சூடாக்கும் 6.3 வோல்ட் மாறுதிசை மின்னோட்டக் கம்பிகள், ஒலிக்கம்பிகளுக்கு அருகில் ஓடினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் வரும். அதனால்தான் அந்த இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிப் பொருத்துகின்றனர். ஒன்றின் புலத்தை மற்றது அழிக்கிறது. மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து திறன் இழக்கும்போது 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மெல்ல மெல்ல வளரும்.

இரண்டு கருவிகள் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்யப்பட்டு, ஒலிக்கம்பியாலும் இணைக்கப்படும்போது ஒரு மூடிய வளையம் உருவாகிறது. அதில் ஓடும் சிறு மின்னோட்டமும் ரீங்காரமாகும். இதை எர்த் வளையம் எனலாம். ஒளி அளவைக் குறைக்கும் மின்னணு டிம்மர்கள் 1960-களிலிருந்து பரவியபோது ரீங்காரத்துடன் கரகரப்பான ஓர் இரைச்சலும் சேர்ந்தது. அவை மின் அலையைச் சட்டெனத் துண்டித்துத் துண்டித்து அனுப்புவதே காரணம்.

அமைதிக்குக் கொடுத்த விலை

எர்த் வளையத்தை உடைக்க எளிதான ஒரு குறுக்குவழி உண்டு: ஒரு கருவியின் மின்பிளக்கிலுள்ள எர்த் இணைப்பைத் துண்டிப்பது. ரீங்காரம் உடனே நின்றுவிடும். ஆனால் எர்த் கம்பி ஒலிக்காக வைக்கப்பட்டதன்று. ஆம்ப்ளிஃபயரின் உலோகச் சட்டத்தில் பழுதால் மின்சாரம் பாய்ந்தால், அதை நிலத்துக்குக் கொண்டுசென்று ஃபியூஸை அறுத்து மனிதரைக் காப்பதற்கே அது உள்ளது.

பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் எர்த் முள்ளே கிடையாது. இரண்டு முள் பிளக்கும், மின்கம்பிகளில் ஒன்றை உலோகச் சட்டத்துடன் இணைக்கும் ஒரு மின்தேக்கியும் இருந்தன. ரீங்காரம் கேட்டால் ஒரு விசையைத் திருப்பி, எந்தக் கம்பியில் அது குறைகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். அந்த மின்தேக்கி பழுதானால் முழு மின்னழுத்தமும் சட்டத்துக்கும், அங்கிருந்து கிதாரின் தந்திகளுக்கும் வந்துவிடும். பழுதுபார்ப்பவர்கள் அதற்குச் 'சாவு மின்தேக்கி' என்று பொருள்படும் பெயரை வைத்தனர்.

தந்தியைத் தொட்டால் ரீங்காரம் குறைகிறது என்றால், வாசிப்பவரின் உடல் ஆம்ப்ளிஃபயரின் சட்டத்துடன் இணைந்திருக்கிறது என்று பொருள். அவர் வேறொரு கருவியுடன் இணைந்த ஒலிவாங்கியைக் கையாலோ உதட்டாலோ தொடும்போது, இரண்டில் ஒன்று சரியாக எர்த் செய்யப்படாமல் பழுதாகியிருந்தால், மின்சாரம் அவர் வழியாகவே பாயும். 1965 டிசம்பரில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ அரங்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ், கிதார் ஒலிவாங்கித் தாங்கியில் பட்டு மின்தாக்குதலால் நினைவிழந்து விழுந்தார். பின்னர் உயிர் தப்பினார். 1972 மே 3 அன்று வேல்சு நாட்டின் சுவான்சி நகரில், ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் செய்யப்படாத ஒலிவாங்கியை அவர் தொட்டதே காரணம். அவருக்கு வயது 27. யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப் 1976 மே மாதத்தில் தம் வீட்டில் மின்கிதார் வாசித்தபோது, சரியாக எர்த் செய்யப்படாத கருவியால் 33-ஆம் வயதில் இறந்தார்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மின்வழங்கல் 230 வோல்ட். அமெரிக்காவின் 120 வோல்ட்டைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எனவே மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை முறிப்பதும், எர்த் இல்லாத நீட்டிப்புக் கம்பியில் ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதும் இங்கு இன்னும் ஆபத்தானவை. எர்த் வளையத்துக்குப் பாதுகாப்பான தீர்வுகள் இருக்கின்றன. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம்; அல்லது ஒலிக்கம்பியில் தனிமைப்படுத்தும் சிறு மின்மாற்றியைச் சேர்க்கலாம். இவை மின்பிளக்கின் எர்த்தைத் தொடுவதில்லை.

மூலத்தைக் கண்டறியும் முறை

மேற்கண்ட மூலங்களை ஆம்ப்ளிஃபயரைத் திறக்காமலேயே ஓரளவு பிரித்தறியலாம்.

முதலில் கிதாரின் ஒலி அளவுக் குமிழை முழுதாகக் குறைக்க வேண்டும். ரீங்காரம் நின்றால் மூலம் கிதாரிலோ அதைச் சுற்றியுள்ள புலங்களிலோ உள்ளது. நிற்காவிட்டால் கம்பியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போது நின்றால் கம்பியோ அதன் முனைகளோ பழுது. அப்போதும் தொடர்ந்தால் மூலம் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் ஒலி அளவைச் சுழியாக்கியும் 100 ஹெர்ட்ஸ் ஒலி மாறாமல் கேட்டால், மின்வழங்கியின் மின்தேக்கிகள்மீது ஐயம் கொள்ளலாம்.

மூலம் கிதார்ப் பக்கம் என்றால், கிதாரைப் பிடித்தபடி மெல்லத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒரு கோணத்தில் ரீங்காரம் கூடி, மற்றொரு கோணத்தில் ஏறக்குறைய மறைந்தால் அது காந்தப்புலத்தின் வேலை. ஆம்ப்ளிஃபயரிலிருந்து சற்று விலகி நிற்பதே பல வேளைகளில் போதும். டிம்மர் விளக்குகளை அணைத்ததும் கரகரப்பு நின்றால் மூலம் அங்கே இருக்கிறது. இரண்டாவது கருவியை இணைத்த பிறகே ரீங்காரம் தொடங்குகிறது என்றால் அது எர்த் வளையம்.

தந்தியைத் தொடும்போது ரீங்காரம் சிறிது குறைவது இயல்பு. தொடும்போது அது கூடினாலோ, விரலில் சுருக்கென்ற உணர்வு ஏற்பட்டாலோ, கருவியை உடனே மின்சாரத்திலிருந்து துண்டித்துத் தேர்ந்த தொழில்நுட்பரிடம் காட்ட வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயரின் மின்தேக்கிகள் பிளக்கைக் கழற்றிய பின்னும் பல நூறு வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும் என்பதால், பயிற்சி இல்லாதவர்கள் அதைத் திறக்கக் கூடாது.

இன்று கலைஞர்கள் பலர், வாசிக்காத நொடிகளில் ஒலியை அடைத்துவிடும் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். அவை ரீங்காரத்தை மறைக்கின்றனவே தவிர, அதன் காரணத்தைத் தீர்ப்பதில்லை. ஒற்றைச் சுருளின் இயல்பான ரீங்காரத்தை அப்படி மறைப்பதில் தீங்கில்லை. பழுதான எர்த்தின் அறிகுறியாக வரும் ரீங்காரத்தையும் அதே கருவி மறைத்துவிடும் என்பதால், அதை இணைப்பதற்கு முன் மூலத்தைக் கண்டறிவது அவசியம்.